வாக்கர் போக ஒரு வழி: கும்பகோணம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சாதாரண வாக்கர் ஒன்றின் அகலம் ஏறத்தாழ இரண்டடி. அதைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் திரும்புவதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும். என் பெரியம்மா வீட்டில் படுக்கிற அறையிலிருந்து கொல்லைப்புறக் கழிவறை வரை அந்த இரண்டடி எங்கேயும் தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை. இந்த வேலை தொடங்கியதற்கு அது ஒன்றுதான் காரணம். வீட்டை அழகாக்க வேண்டும், மனதை லேசாக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எங்களில் யாருக்கும் கிடையாது.

பெரியம்மாவுக்கு வயது 74. பெரியப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் பிள்ளைகளில் அண்ணன் கோயம்புத்தூரில், அக்கா அமெரிக்காவில். காலையில் வந்து மாலையில் போகும் ஓர் உதவியாளரைத் தவிர வீட்டில் வேறு ஆள் இல்லை. முக்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒரு தூக்கை எடுக்கப்போய் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் இயன்முறை மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்று: கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் தரையில் எதுவும் இருக்கக் கூடாது. மறுபடி விழுந்தால் மறுபடி எழுந்து நடப்பது உறுதியில்லை என்றும் சொன்னார்.

வீடு, அரசலாற்றை ஒட்டிய ஊரில் உள்ள நீளமான ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றிக் கூடம், இரண்டாம் கட்டில் அடுக்களையும் சாமான் அறையும், அதற்கப்பால் கொல்லை. ஒரு காலத்தில் பதினொரு பேர் சாப்பிட்ட வீடு. பதினொரு பேருக்கான பாத்திரமும், கல்யாணம் காட்சி என்றால் வந்து இறங்கும் நூறு பேருக்கான பாத்திரமும் அப்படியே இருந்தன. ஆட்கள் மட்டும் ஒவ்வொருவராகக் குறைந்துவிட்டார்கள்.

என்னவெல்லாம் இருந்தன என்று முழுப் பட்டியல் போட்டால் படிப்பவர் களைத்துப் போவார். சாமான் அறையை மட்டும் சொல்கிறேன். சுவரோடு சுவராக ஒரு மரப் பத்தாயம். கடைசியாக அதில் நெல் கொட்டியது எப்போது என்று பெரியம்மாவுக்கே நினைவில்லை. அதன்மேல் தவலைகள், அண்டாக்கள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சருவங்கள். கீழே ஆட்டுக்கல், அம்மி, திருகை, குந்தாணி. மூலையில் மரக்காலும் படிகளும். நடுவில் அட்டைப் பெட்டிகள்: ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், வெவ்வேறு கல்யாணங்களின் தாம்பூலப் பைகள், ஒவ்வொரு நவராத்திரிக்கும் வந்து அடுத்த நவராத்திரிக்குப் போகக் காத்திருக்கும் ரவிக்கைத் துணிகள். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டி ஒன்று. 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த கிரைண்டர், மேலே அப்போதைய முதலமைச்சர் படத்தோடு, பிரிக்காத உறையோடு.

சாமான் அறை நிரம்பிய பிறகுதான் மற்றவை கூடத்துக்கு வந்தன. கூடம் நிரம்பியதும் நடைக்கு வந்தன. வாக்கருக்கு வழி அடைத்தது அந்தக் கடைசிச் சரக்குதான்.

நோயா, இல்லையா

அம்மாவுக்கு மனசு சரியில்லை, இது ஒரு வியாதி, தான் படித்திருப்பதாக அண்ணன் சொன்னார். அவர் சொல்வதில் அடிப்படை இல்லாமல் இல்லை. பொருள்களைக் கழிக்க முடியாமல் சேர்த்துக்கொண்டே போவதைத் தனி மனநலக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டில் சேர்த்தது. பொருளின் மதிப்பு என்னவாக இருந்தாலும் அதைப் பிரிவதே பெருந்துன்பமாக இருப்பதும், அறைகள் அவற்றின் வேலைக்குப் பயன்படாமல் அடைபடுவதும் அதன் முக்கிய அடையாளங்கள்.

இரண்டாவது அடையாளம் இங்கே இருந்தது. முதலாவது இல்லை. பெரியம்மா பழைய செய்தித்தாளை மாதம் தவறாமல் கடைக்குப் போடுபவர். உடைந்த பிளாஸ்டிக் வாளியை உடனே தூக்கி எறிபவர். எதைத் தொட்டால் மறுக்கிறார், எதைத் தொட்டால் மறுக்கவில்லை என்று இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருந்தால் அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார். பெற்றவளுக்கு நோய்ப் பெயர் வைப்பதற்கு முன்பு அந்த அளவு பொறுமையாவது வேண்டும் என்பது என் கருத்து; அவரிடமே சொல்லியும் விட்டேன்.

பலிக்காத வழிகள்

அமெரிக்காவிலிருந்து அக்கா ஒரு ஜப்பானிய முறையைச் சொன்னாள். ஒரே வகைப் பொருள்களை எல்லாம் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். தராவிட்டால் நன்றி சொல்லி விடைகொடுக்க வேண்டும். பாத்திரங்களைக் கூடத்தில் பரப்பினோம். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தவலையை மடியில் வைத்துப் பார்த்தார். "ஈயம் போன தவலை என்ன மகிழ்ச்சி தரும்? இது வலங்கைமான் அத்தை கொடுத்தது" என்றார். அடுத்ததை எடுத்தார். அதை யார் கொடுத்தார் என்று சொன்னார். மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

வேண்டும், வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று மூன்று குவியல் போட்டோம். மாலையில் பார்த்தால் எல்லாமே மூன்றாவது குவியலில். போகி வரட்டும், அன்றைக்குக் கழித்துவிடலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போகியில் பாயையும் முறத்தையும் எரிக்கலாம். இந்த வீட்டில் எரிக்கக் கூடியது எதுவுமே வழியை அடைக்கவில்லை. தவிர, 2018 போகியன்று சென்னையில் புகை மூட்டத்தால் விமானங்களே தடுமாறின. ஹார்லிக்ஸ் மூடியையும் பிளாஸ்டிக் பையையும் தெருவில் போட்டுக் கொளுத்துவதைச் சுத்தம் செய்வதாக நான் எண்ணவில்லை.

பழைய சாமான் வாங்குபவரை அண்ணன் நேரே வரவழைத்துவிட்டார். தராசைத் தூக்கி, முதல் அண்டாவைக் கொக்கியில் மாட்டியதும் பெரியம்மா வாக்கரோடு எழுந்து நின்றுவிட்டார். அண்டாவின் கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். வந்தவர் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். வெறும் கையோடு அவர் திரும்பிப் போனார்.

கழுத்தில் இருந்தது

அண்டாவின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய எழுத்துகள். எவர்சில்வர் காலத்தில் மின்சாரப் பேனாவால் இழுத்து எழுதுகிற கோட்டெழுத்து வேறு. இது பழைய முறை. கடைக்காரர் மடியில் பாத்திரத்தைச் சாய்த்து, சின்ன உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தின் உடலும் ஒரே மாதிரிப் புள்ளிகள் என்பதால் படிப்பதற்குப் பழக வேண்டும். புளி போட்டுத் துலக்கிய பிறகுதான் சிலவற்றில் எழுத்தே தெரிந்தது. முதலில் தலைப்பெழுத்துகள், பிறகு பெயர், பிறகு "கல்யாண அன்பளிப்பு", கடைசியில் தேதி. இந்த அண்டாவில் இருந்தது 1968.

பெரியம்மாவின் மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர் வெட்டிய எதையும் அவர் தன் பொருளாகவே நினைக்கவில்லை. ஒரு வீட்டார் நமக்குச் செய்தது. நாம் அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. திருப்பிச் செய்தோமா என்பது தெரியாமல் அதை எடைக்குப் போடுவதென்றால், கடனை வைத்துக்கொண்டு கடன் பத்திரத்தைக் கிழித்துப் போடுவதைப் போல. தஞ்சைப் பக்கத்தில் மொய் எழுதி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரொக்க மொய்யானால் நோட்டில் இருக்கும். பாத்திரமாக வந்த மொய் பாத்திரத்தின் கழுத்திலேயே எழுதப்பட்டு, வீட்டுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மொய் நோட்டும் கிடைத்தது. இரும்புப் பெட்டியின் அடியில், மஞ்சள் தடவிய முதல் பக்கத்தோடு, பெரியம்மாவின் கல்யாண நோட்டு ஒன்று. அண்ணன், அக்கா கல்யாண நோட்டுகள் இரண்டு. பாத்திரத்தில் "த.வ.கோ." என்று மட்டும் இருந்தால் நோட்டில் ஊர்ப் பெயரோடு முழுசாக இருந்தது.

அதற்குப் பிறகு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதையே விட்டுவிட்டோம். நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். யார் கொடுத்தது, என்ன காரியத்துக்கு, அவர்கள் வீட்டுக் காரியத்துக்கு நாம் செய்தாகிவிட்டதா. பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அவருடைய நினைவாற்றல் எங்களை அசத்தியது. யார் வீட்டு வளைகாப்புக்கு வெள்ளிக் கிண்ணம் போனது, எந்தப் புதுமனை புகுவிழாவுக்குக் குத்துவிளக்கு நாச்சியார்கோவிலிலிருந்து வாங்கிப் போனது என்று ஐம்பது வருடக் கணக்கு வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

பெயர் வெட்டிய பாத்திரங்கள் மொத்தம் 61. அவற்றில் 38 கணக்குத் தீர்ந்தவை. அதாவது அந்த வீட்டுக்கு நம் வீட்டிலிருந்து சமமாகவோ கூடுதலாகவோ செய்தாகிவிட்டது. இந்த 38ஐயும் பெரியம்மா ஒரே வாக்கியத்தில் விடுவித்தார்: "இதெல்லாம் நம்முடையது, போடலாம்." மூன்று குவியலில் ஒரு நாள் முழுக்க நகராதவை ஒரு மணி நேரத்தில் ரேழிக்கு நகர்ந்தன.

தீராத பதினான்கு

செய்ய வேண்டியது பாக்கி என்று அவர் சொன்னவை 14. கொடுத்தவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினோம். உங்கள் பாட்டி கொடுத்த தவலை இங்கே இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம்.

பலரும் சிரித்துவிட்டு, எங்கள் வீட்டிலேயே வைக்க இடமில்லை, நீங்களே போட்டுவிடுங்கள் அத்தை என்றார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெரியம்மா இத்தனை வருடம் காத்திருந்தார் என்று தோன்றுகிறது. தொலைபேசியை வைத்தவுடன் அந்தப் பாத்திரத்தை வாக்கரின் காலால் லேசாக ரேழிப் பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டு வீடுகளில் கல்யாணம் வரவிருந்தது. அங்கே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். திருவாரூரிலிருந்து ஒரு பேத்தி காரில் வந்து, பாட்டி பெயர் போட்ட ஈயச்செம்பை எடுத்துப் போனாள்; ரசம் வைப்பாளாம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கவே கூடாது என்று பெரியம்மா வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். டிகிரிக் கணக்கு நான் சேர்த்தது; அவர் சொன்னது, வெறும் செம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் செம்பு இருக்காது என்பது.

சங்கடமும் வந்தது. ஒரு வெங்கலப் பானையைப் பற்றிப் பேசப்போய், அது தன் அம்மாவுக்கு வந்த சீர், இந்த வீட்டுக்கு இரவலாக வந்தது என்று ஒரு சித்தி மகன் சண்டைக்கு வந்தார். நோட்டில் அது இல்லை. பானையைக் கொடுத்துவிட்டோம். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன ஒரு பங்காளி வீட்டுச் சருவத்துக்கு மட்டும் பெரியம்மா தொலைபேசி போட விடவில்லை. இதே வழியில் இறங்க நினைப்பவர்கள், பழைய உறவோடு பழைய வழக்கும் கூடவே எழும் என்று எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருடையது என்றே தெரியாத ஒன்பது பாத்திரங்களில் பெரிய அண்டாக்கள் இரண்டும் தெருக்கோடி மாரியம்மன் கோவிலுக்கு ஆடி மாதக் கஞ்சிக்குப் போயின. ஈயம் பூசி வாங்கிக்கொள்வதாக அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பெரியம்மா கொடுத்தார். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு எதையும் வைத்தால் களிம்பு ஏறும். முன்பெல்லாம் ஈயம் பூசுபவர்கள் கூவிக்கொண்டு வந்து, தெருவிலேயே துருத்தி வைத்து, நவச்சாரம் தூவி, துணியால் ஒரு சுழற்று சுழற்றிப் பளபளவென்று கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது அந்தக் குரல் தெருவில் கேட்பது அபூர்வம். பித்தளைப் பாத்திரங்கள் பரணேறியதற்குப் பாதிக் காரணம் எவர்சில்வர் என்றால், மீதிக் காரணம் பூசுபவர் வராமல் போனது.

எடைக்குப் போடும் இடத்தில்

திரும்பி வந்த வியாபாரியிடம் பெரியம்மா நடந்துகொண்டதைப் பார்த்திருந்தால் பொருளின் மேல் பற்று என்று எவரும் பேசமாட்டார்கள். முதலில் வெங்கலத்தையும் பித்தளையையும் பிரிக்கச் சொன்னார். வெங்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெங்கலத்துக்கு விலை கூடுதல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பித்தளை விலை சொல்வது வழக்கமான தந்திரம். சந்தேகம் வந்தவற்றை விரல் கணுவால் தட்டிக் காட்டினார். வெங்கலத்தின் ஓசை நின்று அடங்க நேரமாகும், பித்தளை சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். "தம்பி, தட்டைத் தரையில் உரசவிடாதே, தூக்கிப் பிடி" என்றார். வளையங்களில் இருந்த இரும்பைக் கழற்றாமல் நிறுக்க வந்தபோது, இரும்புக்குக் கழிவு போடுவாய், அதற்கு நானே கழற்றித் தருகிறேன் என்று உதவியாளரைத் திருப்புளி எடுத்துவரச் சொன்னார். பக்கத்து மளிகைக் கடையில் முன்கூட்டியே நிறுத்து வைத்திருந்தது எங்களுக்குக் கைகொடுத்தது. இரண்டு எடைக்கும் வித்தியாசம் வந்ததும் வியாபாரி தராசை மாற்றினார்.

பெயர் இல்லாதவை

பெயரில்லாதவை எளிதாகப் போயின. டப்பாக்களும் பாட்டில்களும் ஒரே நாளில் வெளியேறின. ரவிக்கைத் துணிகளை அளந்து, அளவு குறைந்தவற்றைத் தலையணை உறைக்குக் கொடுத்தார். மற்றவை பக்கத்து அரசுப் பள்ளித் தையல் வகுப்புக்குப் போயின. துவைத்துத் துவைத்து மெல்லியதாகிவிட்ட நூல் புடவைகளை எதிர்வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த பெண் தூளிக்கும் குழந்தைத் துணிக்கும் வாங்கிக்கொண்டாள். புதுத் துணி அந்த மெத்துக்கு வராது.

தொலைக்காட்சிப் பெட்டிதான் சிக்கல். பழைய குழாய்ப் பெட்டியின் கண்ணாடியில் நச்சான காரீயம் கலந்திருக்கிறது. இரும்புக் கடையில் போட்டால் பின்னால் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்காகக் குழாயை உடைத்துவிட்டுக் கண்ணாடியைக் குப்பையில் கொட்டுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் இதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்கச் சொல்கின்றன. விதி இருக்கிறது, சின்ன ஊரில் வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அண்ணன் காரில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கே கொண்டுபோனார். கிரைண்டர், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும் உதவியாளரின் மகளுக்குப் போனது.

ஆட்டுக்கல்லை யாரும் வாங்கவில்லை. இனாமாகக் கொடுத்தாலும் எடுத்துப் போகும் கூலி அதிகம் என்றார்கள். நான்கு பேர் உருட்டிக்கொண்டுபோய்க் கொல்லையில் மருதாணிச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

காகிதங்களை மட்டும் அவசரப்படாமல் பார்த்தோம், அது நல்லதாயிற்று. தாய்ப்பத்திரம், பழைய பட்டா, வரி ரசீதுகளோடு பாங்க் ஆஃப் தஞ்சாவூரின் சேமிப்புப் புத்தகம் ஒன்று பெரியப்பா பெயரில் இருந்தது. அந்த வங்கி 1990இல் இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது. பத்து வருடம் புழங்காத கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். ஆனால் வாரிசுகள் உரிய சான்றுகளோடு வங்கியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பல வங்கிகளின் இத்தகைய கணக்குகளைப் பெயர் போட்டுத் தேடலாம். பெரிய தொகை இருக்காது என்று பெரியம்மா சொல்கிறார். வாரிசுச் சான்றிதழை எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்போதைய நிலை

கட்டிலிலிருந்து கழிவறை வரை மூன்றடி அகலத்தில் வழி இருக்கிறது. சாமான் அறையின் கதவு முழுசாகத் திறக்கிறது. அன்றாடம் புழங்கும் பாத்திரங்கள் இடுப்பு உயரத்துக்கு மேலே போகாமல் ஒரே அலமாரியில் அடங்கிவிட்டன; முக்காலியை அக்கா சொல்லி அப்புறப்படுத்தியாகிவிட்டது. பங்காளி வீட்டுச் சருவம் அலமாரிக்கு அடியில் இருக்கிறது. அண்ணன் அதைக் கேட்பதில்லை.

புதிதாக வருவதை நிறுத்துவதுதான் கடினம். வேலை முடிந்த கையோடு ஒரு கல்யாணத்துக்குப் போன உதவியாளர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றோடு திரும்பினார், பெரியம்மாவுக்கென்று கொடுத்தனுப்பியதாம். மறுநாளே நோட்டில் ஒரு வரி சேர்ந்தது. கொடுத்தவர் வீட்டில் அடுத்து வரும் காரியத்துக்கு அதே விலைக்குப் பணமாகச் செய்வது, டிபன் பாக்ஸை இந்த மாதத்துக்குள் வேறு கைக்கு மாற்றுவது என்று முடிவாகியிருக்கிறது.

பித்தளை விற்ற காசு கழிவறையில் கைப்பிடிக் கம்பிகள் பதிக்கவும், மேற்கத்தியக் கோப்பை வைக்கவும் சரியாக இருந்தது. மிச்சமிருந்த ஒரே தடங்கல் இரண்டாம் கட்டு நிலைப்படி. அரையடி உயரம், வாக்கர் தாண்டாது. கொத்தனார் அதைச் செதுக்கிவிடலாம் என்றார். நிலைப்படியில் உளி படக் கூடாது என்று பெரியம்மா ஒரே பிடியாக நின்றார். தச்சரைக் கூப்பிட்டோம். பத்தாயத்தைப் பிரித்து அதன் பலகைகளை இரண்டு பக்கமும் சரிவாக இழைத்துப் போட்டுவிடலாம் என்று அவர்தான் சொன்னார். பத்தாயத்தில் யார் பெயரும் இல்லை, மாமனார் காலத்தில் வீட்டிலேயே செய்தது. தச்சுக் கூலி மட்டும்தான் செலவு.